சுண்டைக்காயும் சுமைகூலியும்

நம் மன்றத்து நூல்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பீரோ நிறைய நூல்கள் தார்நாகாவில் இன்றும் இருக்கின்றன. எந்த நூல் யாரிடம் போயிற்று என்ற கணக்குத்தான் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணன் ஒருவர் அரிதின் முயன்று கணிப்பொறியில் ஒரு செயலி அமைத்தார். அதற்கு அடித்தளமாகப் பெரிய நிறுவனங்கள் ஆளும் சர்வர் வகைத் தரவுத்தளம் ஒன்றை வைத்தார். படிப்பு முடிந்தது, அண்ணன் புனே சென்றார், கடவுச்சொல்லும் உடன் சென்றது. பின்னர்க் கணிப்பொறி பழுதாயிற்று. வட்டைக் காப்பாற்றினோம். ஆனால் பட்டியல் அதில் எந்தெந்தக் கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது என்று எங்களுள் எவருக்கும் தெரியவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இப்போது அந்தப் பணி என் தலையில். வேதியியல் படிப்பவனுக்கு இது ஏன் என்று கேட்காதீர்கள். பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில் தமிழ் நூல் படிக்க ஆசைப்பட்டவன் எவனும் இதற்கு உரியவனே.

ஒரு மேசையில் ஒருவர் அமர்ந்து இயக்கும் செயலிக்குச் சர்வர் வேண்டாம் என்பது என் துணிபு. இரயில்வே முன்பதிவுபோல் ஆயிரம் பேர் ஒரே நொடியில் எழுதும் இடத்தில் அது வேண்டும், மறுப்பவர் யார்? நமக்கோ வாரம் பத்து நூல் போய்ப் பத்து நூல் வருகிறது. சர்வரைக் கற்றால் வேலை கிடைக்கும் என்கின்றனர் நண்பர்கள். கற்கட்டும், அதற்கு மன்றத்து நூற்கணக்கா பலி?

2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான செயலி ஒன்றில் பணிபுரிந்தார். சர்வர் படுத்தால் செயலியும் படுத்தது. சர்வரே இல்லாமல் வட்டிலிருந்து நேரே படித்தால் என்ன என்று எண்ணினார், எஸ்கியூலைட் பிறந்தது. தரவு முழுவதும் ஒரே கோப்பு. கடவுச்சொல் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. எழுதும்போது மின்சாரம் நின்றால், அடுத்த முறை திறக்கையில் அரைகுறையாய் எழுதியதை நீக்கிப் பழைய நிலைக்கு மீளும். 2018இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம், தரவைக் காத்து வைக்கத் தக்க வடிவங்களுள் ஒன்றாக இதனைப் பரிந்துரைத்தது.

எக்செல் போதாதா என்பாரும் உளர். பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. அதனால் 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. அக்செஸ் கோப்புக்கு 2 ஜிபி எல்லை போதும்தான். ஆனால் விண்டோஸ் இல்லாத விடுதி மாணவர் என் செய்வர்?

எஸ்கியூலைட்டிலும் குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம். வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பலர் எழுதினால் கோப்பே கெடலாம். என்னை மிகவும் வருத்தியது வேறு: அதற்குத் தமிழ் நெடுங்கணக்குத் தெரியாது! மயில், மரம், மலர், மழை, மறம், மனம் என்பது நம் வரிசை. அது யூனிகோடு எண்ணைப் பார்த்து மனம், மயில், மரம், மறம், மலர், மழை என அடுக்குகிறது. 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வர வேண்டும். அது தலைகீழாக வைக்கிறது.

நம் வரிசை விதியை நாமே எழுதிச் செயலியில் சேர்க்க வழி உண்டு. பைத்தானில் முப்பது வரியில் எழுதி மகிழ்ந்தேன். இரவில் படுத்தபின்தான் உறைத்தது: என் செயலி இல்லாமல் வேறொருவர் கோப்பைத் திறந்தால் அந்த விதி அங்கே இராதே! அண்ணன் எடுத்துச் சென்ற கடவுச்சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மறுநாள் அதை நீக்கினேன். ஒவ்வொரு நூற்பெயருக்கும் பக்கத்தில், எழுத்துகளை நம் வரிசைப்படி எண்களாக்கி ஒரு பத்தியில் எழுதி வைத்தேன். கோப்பு சற்றே பருத்தது. எதில் திறந்தாலும் மழைக்குப் பின்னரே மறம் வருகிறது.

நூல்களை ஒவ்வொன்றாய் எடுத்து மீண்டும் பதிந்து வருகிறோம். முதல் பீரோ முடிந்தது. கோப்பின் படி ஒன்று செயலாளரின் பென்டிரைவில் உள்ளது. எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இரண்டாம் பீரோவுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவர் வந்தால் உதவியாயிருக்கும்.