சிமெண்ட் பூசினால் சிற்பம் பிழைக்காது!

தோழர்களே,

எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கிற அமராவதி சிற்பங்களைப் பார்த்திருக்கீங்களா? சுமார் 2,000 ஆண்டுப் பழமை. கிருஷ்ணா நதிக்கரையில் நின்ற மகா ஸ்தூபியின் கற்கள். பளிங்குன்னு சொல்லுவாங்க. உண்மையில் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல். ஆபத்தே அங்கதான் இருக்கு.

இந்தக் கற்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. புத்தர் கதை செதுக்கிய பலகைகளைக் காளவாயில் போட்டு எரிச்சு, வீடு கட்டச் சுண்ணாம்பு ஆக்கினாங்க. தப்பியதில் 120-க்கும் மேற்பட்டவை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். இன்னொரு பெரும் பகுதி நம்ம சென்னையில். அதையும் வெள்ளையர் காலத்திலேயே சுவரோடு சுவராகப் பதிச்சு வெச்சாங்க.

சுவரில் பதித்த சுண்ணாம்புக் கல்லுக்கு என்ன ஆகும்? சுவரின் ஈரம் உப்பைச் சுமந்துக்கிட்டு கல்லுக்குள்ள ஏறும். ஈரம் காயும், உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகும். அந்தப் படிகம் மேல்தோலைத் தள்ளும். கல் மாவா உதிரும். மூக்கு போகும், விரல் போகும். வாகனப் புகையில் இருக்கும் கந்தகம் பட்டால் சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பே ஜிப்சமாக மாறும். கடலோர நகரத்தில், ஓயாத போக்குவரத்துக்கு நடுவில் இருக்கும் கற்கள் இவை!

இதுக்கு நம்ம ஊர் டெண்டர் கலாச்சாரத்துக்குத் தெரிந்த வைத்தியம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு சிமெண்ட், இன்னொண்ணு பளபளப்பு பூச்சு. ரெண்டுமே விஷம். சிமெண்ட் கல்லைவிட இறுக்கமானது. ஈரம் அது வழியா வெளியேற முடியாம, மென்மையான கல் வழியாத்தான் வெளியேறும். போதாக்குறைக்கு சிமெண்டே தன் உப்பையும் கொடுக்கும். பூச்சோ உப்பை உள்ளேயே பூட்டி வைக்கும். திறப்பு விழா போட்டோவுக்கு அழகா இருக்கும். சில வருஷத்துல தோலோடு உரிஞ்சு வரும்.

எகிப்தைப் பாருங்க. ஸ்பிங்க்ஸ் சிலையும் சுண்ணாம்புக் கல்தான். 1980-களில் சிமெண்டும் புதுக் கல்லும் வெச்சு அவசரமா ஒட்டினாங்க. 1988-ல் வலது தோளிலிருந்து பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. தொல்லியல் துறைத் தலைவரின் பதவியே போச்சு. அதன் பிறகு சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்பி வேலையை முடிக்க 1998 ஆச்சு.

சரியான வழி இருக்கா? இருக்கு. முதலில் ஈரம் வரும் வழியை அடைக்கணும். அடுத்து, ஈரப் பற்று போட்டு உப்பை உறிஞ்சி எடுக்கணும். கடைசியாத்தான் கல்லுக்கு வலு. இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் சுண்ணாம்புத் தெளிநீரைத் திரும்பத் திரும்ப ஊட்டினாங்க. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாகும். இத்தாலியின் புளோரன்ஸ் பல்கலைக்கழகம் அதையே நானோ சுண்ணாம்பாக வளர்த்தெடுத்தது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து! கடுக்காயும் வெல்லமும் போட்டுச் சுண்ணாம்பு அரைச்ச கொத்தனார் பரம்பரைக்கு இதைப் புரியவைக்கணுமா?

"குடிக்கத் தண்ணி இல்ல, கல்லுக்கு என்ன கவலை"ன்னு சிலர் கேட்குறாங்க. தண்ணீர் கொடுப்பது அரசின் கடமை. பொதுச் சொத்தைக் காப்பதும் அதே அரசின் கடமைதான். ஒன்றைச் சாக்காக வைத்து இன்னொன்றைத் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. "அது ஆந்திரா கல்லு தானே"ன்னும் பேசுறாங்க. நம்ம பொறுப்பில் இருக்கும் வரை ஒரு விரல்கூட உதிரக்கூடாது. அதுதான் தமிழருக்கு மானம்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு சிற்பத்தின் இன்றைய நிலையையும் படத்தோடு மக்கள் முன் வெளியிடு!
2. சுண்ணாம்புக் கல்லின் மேல் சிமெண்டும் பளபளப்பு பூச்சும் படக்கூடாது என எழுத்தில் உத்தரவு போடு!
3. சுவரிலிருந்து ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறாதபடி ஒவ்வொரு பலகைக்கும் தடுப்பு செய்!
4. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்ற முறையைச் சிற்பப் பாதுகாப்பில் கைவிடு! பயிற்சி பெற்ற வேதியியலாளரும் கல் தச்சரும் சேர்ந்து செய்யட்டும்!

இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். உதிர்ந்த முகத்தைத் திரும்பச் செதுக்க அந்தச் சிற்பி வரமாட்டான்.

பகிருங்கள் தோழர்களே. குடும்பத்தோடு ஒருமுறை எழும்பூர் போய்ப் பாருங்கள். பார்த்தவர்கள்தான் கேள்வி கேட்பார்கள்!

#அமராவதியைக்_காப்போம்
#சிமெண்ட்_வேண்டாம்