குரல்வளைக்கு ஓர் அளவுகோல்

1854-இல் பாட்டு ஆசிரியர் மானுவேல் கார்சியா சிறு கண்ணாடி வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று எண்டோஸ்கோப் குழாய் அவற்றைத் திரை நிறையக் காட்டுகிறது. ஆனாலும் ‘கட்டி கொஞ்சம் பெரிசாயிருக்கு’ என்ற மருத்துவர்களின் பேச்சு மாறவில்லை. குழாயின் முனை சில மில்லிமீட்டர் நெருங்கினாலே அதே கட்டி பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். பிறகு பிக்சலை எண்ணி என்ன பயன்? இடைவெளி தெரிந்த இரு லேசர் புள்ளிகளைத் திசுவின் மேல் பாய்ச்சினால் படத்துக்குள்ளேயே அளவுகோல் வந்துவிடும். லேசர் இல்லையென்றால் குரல்நாணின் நீளத்தோடு ஒப்பிட்டு விகிதமாவது எழுதலாம். அந்த நீளமும் சுருதிக்கேற்ப மாறும் என்பதால், நோயாளி மூச்சிழுத்தாரா, ‘ஈ’ என்றாரா என்பதையும் குறிக்க வேண்டும். மில்லிமீட்டரோ விகிதமோ இல்லாத அறிக்கையை வைத்துச் சிகிச்சை பலித்ததென்று சொல்வது வெறும் கண்மதிப்புதான்.