இரண்டு சி.டி... இரண்டரைக் கோடிப் பேர்!

2007-ம் ஆண்டு, அக்டோபர் 18. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்கத் தலைநகரம் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர்களுக்குப் பெயர் கொடுத்த சின்ன ஊர். அங்கே இருந்த வரித்துறை அலுவலகத்தில் ஓர் இளநிலை ஊழியர் இரண்டு சி.டி-க்களை எடுத்தார். கவரில் போட்டார். லண்டனில் இருக்கும் தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். பதிவுத் தபால்கூடக் கிடையாது. அலுவலகக் கடிதங்கள் தினமும் போகும் அதே வண்டியில் அதுவும் போனது.

போனதுதான். வந்து சேரவில்லை.

‘கவர் வரவில்லையே?’ என்று லண்டனிலிருந்து கேட்டபோது, பதறாமல் இன்னொரு பிரதி எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை பதிவுத் தபால். அது பத்திரமாகச் சேர்ந்தது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். காணாமல் போன முதல் கவரில் என்ன இருந்தது என்பது உயரதிகாரிகளின் காதுக்கு எட்டவே நவம்பர் மாதம் ஆகிவிட்டது.

அந்த நாட்டில் குழந்தை வளர்ப்புக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. அதை வாங்கும் 72.5 லட்சம் குடும்பங்களின் முழு விவரமும் அந்த இரண்டு தட்டுகளில் இருந்தது. அப்பா அம்மா பெயர், குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தேசியக் காப்பீட்டு எண், பணம் போகும் வங்கிக் கணக்கு. மொத்தம் இரண்டரைக் கோடிப் பேர். நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பேர் ஒரே கவருக்குள்! நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டியிருந்தது. வரித்துறைத் தலைவர் பால் கிரே அன்றே ராஜினாமா செய்தார். ‘வங்கிக் கணக்கைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதைத் தவிர மக்களுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. போலீஸ் சல்லடை போட்டுத் தேடியது. இன்றுவரை அந்தத் தட்டுகள் கிடைக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தணிக்கைக்காரர்கள் இவ்வளவையும் கேட்கவே இல்லை. வங்கி விவரங்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். பிரித்து எடுப்பதற்குத் தனியாகச் செலவாகும் என்று முழுசாக நகல் எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த சி.டி-க்களுக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தார்களா? போட்டிருந்தார்கள். ஆனால், என்க்ரிப்ஷன் செய்யவில்லை. பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

ஓட்டைப் பிரித்து இறங்கினால்?

பாஸ்வேர்டு என்பது வாசல் கதவுப் பூட்டு. கதவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கிவிட்டால் உள்ளே பீரோவும் பாத்திரமும் அப்படியே இருக்கும். வீட்டு லேப்டாப்பைத் திறக்கும்போது கேட்கும் விண்டோஸ் பாஸ்வேர்டு பல கணினிகளில் இந்த ரகம்தான். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால், பாஸ்வேர்டைக் கேட்காமலே எல்லா ஃபைலும் வரிசையாக வந்து நிற்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். கெட்டுப்போன கணினியிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுப்பதும் அதே வித்தைதான்.

என்க்ரிப்ஷன், அதாவது குறியாக்கம், வேறு விஷயம். திருடன் உள்ளே வந்துவிட்டாலும், அவன் கையில் கிடைப்பது எதற்கும் அர்த்தமில்லாமல் செய்துவிடுவது.

பள்ளிக்கூட நாள்களில் ‘க’ பாஷை பேசாதவர்கள் குறைவு. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’ சேர்த்தால் போதும். ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’ ஆகிவிடும். அக்காவும் தங்கையும் வேகமாகப் பேசிக்கொண்டால் பாட்டிக்கு ஒன்றும் புரியாது. தமிழ் இலக்கணம் இதன் உறவுக்காரனுக்குக் குழூஉக்குறி என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்வார்கள் என்பது பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம். ஆனால், இவற்றுக்கெல்லாம் ஒரே பலவீனம்தான். எப்படி மாற்றுகிறார்கள் என்கிற சூட்சுமம் தெரிந்தால் கதை முடிந்தது. பாட்டி ஒரு நாள் ‘க’வை எடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தால் சினிமா திட்டம் அம்பலம்.

இன்றைய குறியாக்கம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. மாற்றும் முறை ஊருக்கே தெரியும். சாவி மட்டும்தான் ரகசியம். வங்கி முதல் வாட்ஸ்அப் வரை இன்று பயன்படும் ‘ஏ.இ.எஸ்.’ என்ற முறை, ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் உருவாக்கியது. அமெரிக்க அரசின் தர நிறுவனம் உலகம் முழுக்க அறிவித்து, பகிரங்கமாகப் போட்டி நடத்தி, வந்த முறைகளை எல்லாம் நிபுணர்கள் உடைத்துப் பார்க்க வாய்ப்புக் கொடுத்து, 2000-ல் இதைத் தேர்ந்தெடுத்தது. இதன் ஒவ்வொரு படியும் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. அப்படியிருந்தும் சாவி இல்லாமல் திறக்க முடிவதில்லை. காரணம், 256 பிட் சாவி என்றால் முயன்று பார்க்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம். கோடி என்பது எட்டு இலக்கம்தான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் பூட்டை உடைக்க மெனக்கெடுவதில்லை. சாவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். நம்மூரில் பார்ப்பதற்கு அவ்வளவு கஷ்டமும் படவேண்டாம்.

‘அண்ணா, பாஸ்வேர்டு இதுதான்ணா!’

இ-ஆதார் பி.டி.எஃப். டவுன்லோடு செய்தால் அது பாஸ்வேர்டோடுதான் வரும். அந்த பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். இந்த விதி ஆதார் இணையதளத்திலேயே இருக்கிறது. மறக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால், பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அது பூட்டே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும், எல்.ஐ.சி. ஏஜென்ட்டுக்கும் தெரியும். சில வங்கிகள் மாதாமாதம் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டின் பாஸ்வேர்டும் இதேபோல பெயர், பிறந்த தேதி, போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் என்று எளிதில் ஊகிக்கும்படிதான் இருக்கிறது.

அதையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். கடை வாட்ஸ்அப் நம்பருக்கு பி.டி.எஃப்-பை அனுப்புகிறார்கள். கையோடு பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புகிறார்கள். ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஃபைல் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. முந்தைய நாள் வந்தவரின் மார்க் ஷீட், அதற்கு முந்தைய நாள் வந்தவரின் பான் கார்டு, யாரோ ஒருவரின் கிரயப் பத்திரம் எல்லாம் அதற்குத் துணையாக இருக்கின்றன. கடைக்காரர் தங்கமானவராகவே இருக்கலாம். அவர் கணினியை விற்கும் நாளில் வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்பது அவருக்கே தெரியாது.

‘வாட்ஸ்அப்தான் பாதுகாப்பானதாச்சே?’ என்று கேட்கலாம். பாதுகாப்பானதுதான். 2016 ஏப்ரலில் இருந்து அனுப்புபவர் போனுக்கும் பெறுபவர் போனுக்கும் நடுவில் யாரும், அந்த நிறுவனமே ஆனாலும், படிக்க முடியாதபடி குறியாக்கம் இருக்கிறது. வழியில் ஆபத்தில்லை. இங்கே பெறுபவரே ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்!

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு செய்தால் ஃபைலை மறக்காமல் அழித்துவிடுங்கள், எண் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்றது. மக்கள் பயந்துபோனார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிவிட்டது. அறிக்கை போனது, அதில் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ அதே இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லாட்ஜில் ரூம் எடுக்கவும் கூரியர் வாங்கவும் அது தாராளமாகப் போதும்.

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மக்களின் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பிரின்ட் வந்ததும், ‘ஃபைலை டெலீட் பண்ணிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்கண்ணே’ என்று அங்கேயே நின்று கேட்பதுதான் நடக்கிற காரியம்.

அப்படி டெலீட் செய்தாலும் எல்லாம் போய்விடுவதில்லை என்பது வேறு கதை. பல ஹார்டு டிஸ்க்குகளில் ஃபைலை அழிப்பது, புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பதுபோல. உள்ளே பாடங்கள் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலாட் என்ற இருவர், 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கிடைத்தவை? 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், காதல் கடிதங்கள். ஒன்று ஏ.டி.எம். மெஷினில் இருந்து கழற்றப்பட்டதாம்!

காயலான் கடைக்குப் போகும் பழைய கணினிகள் இன்றும் இதே நிலையில்தான் போகின்றன. இந்த விஷயத்தில் ஸ்மார்ட்போன் எவ்வளவோ மேல். சில ஆண்டுகளாக வரும் ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குறியாக்கத்தோடுதான் வருகின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது போன் தன் சாவியையே அழித்துவிடும். பிறகு உள்ளே மிச்சம் இருப்பது வெறும் கிறுக்கல். ஆனால் ஒன்று: ஸ்க்ரீன் லாக்கே போடாமல் வைத்திருந்தால், இத்தனை ஏற்பாடும் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான். தாத்தா பாட்டிகளின் போன்களில் பாதி இப்படித்தான் இருக்கும், ‘எதுக்குப்பா அந்தத் தொந்தரவு’ என்று. பென்ஷன் கணக்கின் ஓ.டி.பி. வந்து விழுவதும் அதே போனில்தான். நான்கு இலக்கத்துக்குப் பதில் ஆறு இலக்க பின் வைத்தால், முயன்று பார்க்க வேண்டியவை பத்தாயிரத்திலிருந்து பத்து லட்சம் ஆகிவிடும். 123456 வைக்காமல் இருந்தால்!

சாவி தொலைந்தால்...

லேப்டாப்பிலும் இந்த வசதி இருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி என்று போனால் பல கணினிகளில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ தெரியும். ‘ப்ரோ’ வகையில் அதன் பெயர் பிட்லாக்கர். ஆப்பிள் கணினியில் ஃபைல்வால்ட். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் உரிமையாளருக்குத் தெரியாமலே அது ஆன் ஆகி இருக்கிறது. சிக்கல் அங்கேதான். ஏதோ பழுதுபார்த்த பிறகு திடீரென்று நீலத்திரை வந்து 48 இலக்க ‘ரெக்கவரி கீ’ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த, யாருக்கும் பாஸ்வேர்டு நினைவில்லாத ஒரு மெயில் ஐ.டி! அந்த 48 இலக்கம் இல்லாவிட்டால் கம்பெனிக்காரர்களாலும் திறக்க முடியாது. திருடனையும் சொந்தக்காரரையும் குறியாக்கத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாவி இருந்தால் சொந்தக்காரர், அவ்வளவுதான்.

வீடுகளில் இது பெரிதாக அடிப்பது ஒரு சாவுக்குப் பிறகு. குடும்பத் தலைவர் திடீரென்று போய்விடுகிறார். இன்ஷூரன்ஸ் எங்கே, சீட்டு யாரிடம், எந்த வங்கியில் எவ்வளவு, யாருக்குக் கடன் கொடுத்தார் எல்லாம் அவர் போனில் இருக்கிறது. போன் மேசைமேல் இருக்கிறது. ஆறு இலக்கம் யாருக்கும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பழைய போன் என்றால் யாராவது திறந்து கொடுத்திருப்பார்கள். இப்போதைய போனில் அந்தப் பேச்சே இல்லை. பூட்டு நன்றாக வேலை செய்கிறது, அதுதான் பிரச்னை.

கூகுள் 2013-லேயே இதற்கு ஒரு வழி வைத்தது. ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்று பெயர். கணக்கு குறிப்பிட்ட மாதங்களுக்கு அசையாமல் கிடந்தால், நாம் சொல்லிவைத்தவருக்கு மெயில், போட்டோ போன்றவை போய்ச் சேரும். மூன்று மாதமா, ஒன்றரை வருடமா என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஆப்பிளில் ‘லெகசி கான்டாக்ட்’ 2021 கடைசியில் வந்தது. இரண்டுமே கணக்கில் இருப்பதைத்தான் தரும். போன் பூட்டை அப்படியே திறந்துவிடாது. அதற்குப் பழைய முறைதான். பின் நம்பர், லேப்டாப்பின் 48 இலக்கம், எந்த மெயில் ஐ.டி. என்ற விவரம், மூன்றையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டு, கவர் இருக்கும் இடத்தை மட்டும் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிவைப்பது. அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். பின் நம்பரை மாற்றும் அன்று கவரையும் மாற்ற வேண்டும்.