ஒரே பெட்டி... ஒரே வெள்ளம்... எல்லாம் போச்சு! கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் எங்கே?

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு ‘பெங்கல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொன்னார்களே தவிர, அது நகர்ந்தபாடில்லை. நின்ற இடத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை! விழுப்புரம் புது பஸ் நிலையம் குளமானது. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. அரசூர் அருகே திருச்சி ரோட்டில் தண்ணீர் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரெயில் பாலத்தை வெள்ளம் தொட, ரெயில்களும் நின்றன.

அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு 2 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. செத்த மாட்டுக்கும், இடிந்த குடிசைக்கும், அழுகிய நெல்லுக்கும் கணக்கு எடுத்தார்கள். சரி. எடுக்க வேண்டியதுதான்.

ஆனால் கடை மேசைக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போனதே, அதில் இருந்த கணக்குக்கு யார் கணக்கு எடுப்பது?

பெட்டி போனால் 30 ஆயிரம் ரூபாயில் இன்னொன்று வரும். உள்ளே இருந்தது வருமா?

கடன் பாக்கி யாரிடம்?

ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்த வரைக்கும் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். பாங்கி வரவு செலவு பாங்கியில் இருக்கும். ஆனால் எந்த ஊர்க்காரர் எத்தனை மூட்டை உரம் கடனுக்கு எடுத்தார், எந்த மேஸ்திரி சிமெண்டுக்கு எவ்வளவு பாக்கி, பொங்கலுக்குள் தருகிறேன் என்று சொன்னவர் யார்? இது எந்த சர்க்கார் கம்ப்யூட்டரிலும் கிடையாது. கடைக்காரரின் பெட்டியில் மட்டும்தான். அது நனைந்தால் பாக்கிக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு!

அந்தக் காலத்துச் செட்டியார் கடையில் பேரேடு என்று ஒன்று, குறிப்பேடு என்று ஒன்று, இரண்டு இருக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரி பார்க்கலாம். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நோட்டு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிட்டோம். இரண்டாக இருந்தது ஒன்றாகிப் போனது. இதை முன்னேற்றம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

சட்டமும் சும்மா இல்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி வியாபாரி தன் கணக்குப் புத்தகங்களை, அந்த வருடத்துக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம்! ஆறு மழைக்காலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஆறு ஐப்பசி கார்த்திகையைத் தரையில் வைத்த பெட்டி தாங்குமா?

கேட்டால், “பேக்-அப் எல்லாம் எடுத்து வெச்சிருக்கோம் சார்” என்பார்கள். எங்கே? அதே மேசை டிராயரில்! வெள்ளத்துக்கு மேசை மேலே எது, மேசை உள்ளே எது என்று தெரியுமா? திருடனுக்குத் தெரியுமா? பெட்டியைத் தூக்குகிறவன் டிராயரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

பனமலையில் பாருங்கள்

நம்ம ஊர் பக்கமே பாடம் இருக்கிறது. செஞ்சி பக்கம் போகிறவர்கள் பனமலையைப் பார்த்திருப்பார்கள். ஏரிக்கரையில் ஒரு குன்று. குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். சுமார் 1,300 வருடத்துக்கு முன்பு பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டியது.

இது அவன் கட்டியதுதான் என்று எப்படித் தெரிந்தது தெரியுமா? பனமலையில் இருக்கும் சமஸ்கிருத சுலோகம் ஒன்று, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டிலும் அப்படியே இருக்கிறது. கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆசாமி யார் என்று பிடித்துவிட்டார்கள்! ஒரே வாசகம், இரண்டு ஊர். ஒன்று கெட்டாலும் இன்னொன்று பேசும்.

அதே கோயிலில் ஒரு ஓவியமும் இருக்கிறது. தலைக்கு மேலே குடை, ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் பார்வதி. எதிரே சிவன் ஆடுகிறார், அம்மன் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்பது காட்சி. அம்மன் மட்டும் மங்கலாக மிஞ்சி இருக்கிறார். ஆடிய சிவன் பெரும்பாலும் அழிந்து போனார். சுவரில் சுண்ணாம்பின் மேல் ஒரே ஒரு தடவை தீட்டியது. அந்தப் பகுதிக்கு அந்தக் காலத்து நகல் எங்கும் இல்லை. உதிர்ந்தது உதிர்ந்ததுதான். எந்த நிபுணரும் கொண்டுவர முடியாது.

பனை ஓலையின் கதையும் இதேதான். ஓலை சில நூறு வருடம்தான் தாங்கும். பூச்சி அரிக்கும், ஒடியும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதினார்கள். எழுதி முடித்த பிறகுதான் பழசை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். எழுதாமலேயே விட்டவர்களும் உண்டு. அந்த நூல்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன.

1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டதே, சுமார் 97 ஆயிரம் புத்தகங்கள் சாம்பலாயின என்று சொல்கிறார்கள். வேறு ஊரில் பிரதி இருந்த புத்தகத்தை மறுபடி வாங்கி அடுக்க முடிந்தது. வேறு எங்கும் இல்லாத ஏட்டை எங்கே போய் வாங்குவது?

கொரியாவில் நடந்த கூத்து

“படிச்சவன், பெரிய ஆபீஸ்காரன் எல்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருப்பான்” என்று நினைக்காதீர்கள்.

2025 செப்டம்பர் 26-ந்தேதி தென்கொரியாவில் தேஜான் நகரில் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரியை இடம் மாற்றுகிற வேலையில் வந்த வினை. நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் நின்று போயின. அதைவிடக் கொடுமை, லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் பைல்களைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற பொதுப் பெட்டகம் அடியோடு போனது. 858 டெராபைட்! வெளியே நகல் இல்லையா என்று கேட்டதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? அளவு ரொம்பப் பெரிசு, அதனால் எடுக்கவில்லை!

செல்போன் செய்து உலகத்துக்கே விற்கிற நாடு ஐயா அது.

நம்ம டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2022 நவம்பர் 23-ந்தேதி கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே புகுந்து ஐந்து சர்வர்களின் தகவலைப் பூட்டிப் போட்டார்கள். சுமார் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி முழுக்கப் பேனா, பேப்பர்தான். நோயாளிகள் வரிசையில் தவித்தார்கள். ஆனால் திருடர் கை படாத நகல் சர்வர் ஒன்று தனியாக இருந்தது. அதில் இருந்து தகவலை மீட்டார்கள். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

சினிமா உலகத்திலும் இது நடந்திருக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் பிக்சார் கம்பெனி ‘டாய் ஸ்டோரி’ இரண்டாம் பாகம் எடுத்துக் கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தப்பான உத்தரவில் படம் பெரும்பாலும் அழிந்தது. நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, அது யாருக்கும் தெரியாது! கடைசியில் காப்பாற்றியது யார்? கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து வேலை பார்த்த அதிகாரி அம்மாள் ஒருவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பிள்ளையைப் போலப் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள்.

அழிந்தது திரும்ப வருமா?

கடைத்தெருவில் அதிகம் கேட்கும் கேள்வி இது. வரும், வராது, இரண்டும் உண்மை.

கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால் பழைய ஹார்டு டிஸ்கில் அது உடனே அழிவதில்லை. வீட்டு வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றியது போலத்தான். ஆள் உள்ளேயே இருப்பார். ‘இடம் காலி’ என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொண்டு வேறு ஆளைக் குடி வைக்கும் வரை மீட்டு விடலாம். அதனால் தப்பாக அழித்துவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பது! பாட்டு ஏற்றாதே, படம் இறக்காதே. மீட்பதற்கான சாப்ட்வேரையே அதே டிஸ்கில் இறக்கி, இருந்த கொஞ்சத்தையும் அழித்துக் கொள்கிறவர்கள் நிறைய.

புது மாடல் எஸ்.எஸ்.டி. டிஸ்கில் இந்த அவகாசமும் குறைவு. அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும். செல்போனை ‘ரீசெட்’ போட்டுவிட்டால் இன்னும் மோசம். இப்போதைய போன்களில் தகவல் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ரீசெட்டில் சாவியே அழிகிறது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்கா? ஆசைப்பட்டு சுவிட்சைப் போடாதீர்கள். உள்ளே சுற்றுகிற தட்டுக்கும், படிக்கிற முனைக்கும் நடுவே தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி. ஒரு துளி சேறு போதும். வெயிலில் காய வைக்கவும் கூடாது, சேறு தட்டில் இறுகி ஒட்டிக் கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, இதற்கென்று இருக்கும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டாலும் அதே வைத்தியம்தான். ஆனால் பில் ஆயிரக்கணக்கில் வரும். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அந்தப் பணத்தில் பாதி இருந்தால் முன்கூட்டியே வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, நகல் எடுத்து, மச்சான் வீட்டில் வைத்திருக்கலாம்.

செல்போன் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துப் போனை முடக்கவும் கண்டுபிடிக்கவும் 2023-ல் இருந்து நாடு முழுக்க வசதி இருக்கிறது. போன் திரும்புகிறது, நல்ல விஷயம். அம்மாவின் கடைசிப் போட்டோ திரும்புவதில்லை. திருடன் முதல் வேலையாக ரீசெட் போட்டிருப்பான்.

“கூகுள்ல இருக்கு சார்” என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.தான். மெயில், போட்டோ, வாட்ஸ்-அப் நகல் எல்லாம் சேர்ந்து அது நிரம்பினால் நகல் எடுப்பது நின்றுவிடும். போனில் அழித்தால் மேலேயும் அழிகிற ஏற்பாடும் உண்டு. குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் இல்லை. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கையே மூடிவிடலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது.

இதில் மோசடிக் கூட்டம் வேறு. “அழிஞ்சதை எடுத்துத் தர்றோம், இந்த ஆப்பைப் போடுங்க, வந்த நம்பரைச் சொல்லுங்க” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். பழுது பார்க்கத் தருகிற போனில் குடும்பப் படங்களை வைத்தபடி பாஸ்வேர்டையும் எழுதித் தருவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பது மாதிரி.

மூணு, ரெண்டு, ஒண்ணு

போட்டோகிராபர்கள் மத்தியில் ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் இது போதும். டேலியில் ‘பேக்-அப்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சனிக்கிழமை கடை சாத்தும் முன் அழுத்தினால் ஐந்து நிமிஷ வேலை. மாதத்துக்கு ஒரு தடவை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்பித்தான் பிக்சார்காரர்கள் முழித்தார்கள். நகல் எடுத்த டிஸ்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைக்கவும் கூடாது. பூட்டுப் போடுகிற வைரஸ் வந்தால் அதற்கும் சேர்த்துப் பூட்டுவான். மின்னல் அடித்தால் இரண்டும் கருகும்.

சர்ட்டிபிகேட்டுக்கு 2015-ல் இருந்து டிஜிலாக்கர் இருக்கிறது. பட்டா, வில்லங்கம் எல்லாம் அரசு இணையதளத்தில் எடுக்கலாம். மக்களுக்கு இவ்வளவு சொல்லித் தரும் அரசு ஆபீஸ்கள் தங்கள் சொந்த அறையில் என்ன செய்து வைத்திருக்கின்றன? ஊராட்சி ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் இங்கெல்லாம் தரை தளத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் நகல் எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கிறது? கடைசியாக என்றைக்குத் திறந்து சோதித்தார்கள்?

ஒவ்வொரு வருடமும் பருவமழைக்கு முன்னால் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, மோட்டார் பம்ப் எத்தனை, மரம் அறுக்கும் எந்திரம் எத்தனை என்று பட்டியல் வாசிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி விழுப்புரம், திண்டிவனம் மக்கள் கேட்கலாம்: எந்தெந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வேறு ஊரில் நகல் இருக்கிறது, எந்தெந்த ஆபீசுக்கு இல்லை. பெயரோடு வாசிக்கட்டும்.