கம்பம் மெட்டு ஏறும் பிக்கப்புக்கு எந்த டயர்? மட் டெரெய்னா, ஆல் டெரெய்னா?

டயர் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள ஒரு டயருக்கு 1,000 ரூபாய் மிச்சம். நாலு டயர் மாத்தினா 4,000 ரூபாய். அந்தக் காசையும் போட்டு, பெரிய பட்டன் வச்ச முரட்டு டயரா மாட்டிடலாம்னு யோசிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

என்ன வித்தியாசம்?

மட் டெரெய்ன் டயரில் ரப்பர் கட்டைகள் பெருசு, நடுவில் இடைவெளியும் அதிகம். சக்கரம் சுத்தும்போது அந்த இடைவெளியில் சிக்கிய சேறு தானாகவே வெளியே தெறிக்கும். அதனால் அடுத்த சுற்றில் கட்டை மறுபடி மண்ணைக் கடிக்கும். ஆல் டெரெய்னில் கட்டைகள் நெருக்கமா இருக்கும், மேலே மெல்லிய கீறல்களும் உண்டு. கெட்டியான களிமண்ணில் சீக்கிரமே சேறு அப்பி டயர் வழவழன்னு ஆகிடும். ஆனா தார் ரோட்டில் கதையே வேற. அங்கே ரோட்டைத் தொடும் ரப்பர் ஆல் டெரெய்னில்தான் அதிகம். ஈரத்தில் தண்ணீரை விலக்கிப் பிடி கொடுப்பதும் அந்தக் கீறல்கள்தான்.

சத்தம், டீசல் செலவு, தேய்மானம் மூன்றிலுமே தார் ரோட்டில் மட் டெரெய்ன் பின்தங்கும்.

நம்ம ரோடு எப்படி?

இங்கேதான் விஷயமே இருக்கு. கம்பத்தில் இருந்து கம்பம் மெட்டு, கூடலூர், லோயர் கேம்ப் வழியா குமுளி, போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடி மெட்டு. கேரளாவுக்குப் போகும் இந்த மூணு பாதையும் தார் ரோடுதான். சின்னமனூரில் இருந்து மேகமலை போவதும் அப்படித்தான். ஏலத்தோட்டத்துக்குள் திரும்பிய பிறகுதான் மண் பாதை ஆரம்பிக்கும். பல வண்டிகளுக்கு அது கடைசி சில கிலோமீட்டர் மட்டும்.

இன்னொன்று, மழை. ஜூன், ஜூலையில் கம்பம் பக்கம் காத்து மட்டும் அடிக்கும், ரோடு காய்ஞ்சு கிடக்கும். மலை ஏறி இடுக்கி எல்லையைத் தொட்டா தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஒரே பயணத்தில் காய்ந்த ரோடு, நனைந்த வளைவு, பனி மூட்டம் எல்லாம் வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் நம்ம பக்கமும் நனையும்.

ஆபத்து ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். காய்கறி லோடை கேரளாவில் இறக்கிட்டு, பிக்கப் பெரும்பாலும் காலியாத் திரும்பும். லோடுக்காகவே கட்டின வண்டி என்பதால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், காலி வண்டியில் பின் சக்கரத்தின் மேல் எடை இருக்காது. ஈரமான வளைவில் பிரேக்கை அழுத்தினா வால் ஆட்டும். அந்த நேரத்தில் ரோட்டைத் தொடும் ரப்பரும் குறைவா இருந்தா? சேத்துக்காக வாங்கின டயர், தார் ரோட்டில் ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் மார்க்கெட் லோடு ஓட்டும் பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் போதும், அதுதான் நல்லதும்கூட.

அப்போ மட் டெரெய்ன் யாருக்கு?

மழைக்காலத்திலும் தினமும் தோட்டத்து மண் பாதையிலேயே ஓடுகிற ஃபோர் வீல் ஜீப்புக்கு. தேயிலைத் தோட்டம் இருக்கும் கொழுக்குமலை தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப் போகும் வழி கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து. அந்தப் பாதையில் சேற்றைவிட கூர் கல்தான் தொல்லை. அங்கே பட்டனைவிட, பக்கவாட்டுச் சுவர் எவ்வளவு கெட்டி என்பதைப் பார்த்து வாங்கணும். பின் சக்கரத்துக்கு மட்டுமே இழுவை உள்ள பிக்கப்பில் மட் டெரெய்ன் மாட்டினாலும் ஃபோர் வீல் வண்டி ஆகிடாது.

கடையில் பார்க்க வேண்டியது

முதலில் எடைக் குறியீடு. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண் அது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 107 என்றால் 975 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணை வாங்கவே கூடாது. கார், எஸ்.யு.வி.க்கான ஆல் டெரெய்னை விலை குறைவுன்னு பிக்கப்பில் மாட்டுவது இந்த இடத்தில்தான் சிக்கலாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கணும்.

கெத்துக்காக பெரிய அளவு டயர் போடுவது சட்டச் சிக்கல். தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரோட்டில் ஓட்டவே கூடாது. சேத்தில் அதற்கு ரொம்ப முன்னாடியே பிடி போயிடும்.

ஆட்களை ஏற்றுவதற்காக நல்ல டயர் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: சரக்கு பிக்கப்பின் பின்னால் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். எந்த டயரும் அதைச் சரியாக்காது.

காசு இழுக்குதுன்னு முன்னாடி இரண்டு ஒரு வகை, பின்னாடி இரண்டு வேற வகை மாட்டாதீங்க. ஈரத்தில் இரண்டும் இரண்டு விதமா வழுக்கும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். பில் போடும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்க: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. தள்ளுபடியில் தரும் டயரில் அந்தக் கடைசி இரண்டு இலக்கம் என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க.