வளையல் விற்று வாங்கிய கார்



வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பழைய கார் ஒன்றுக்கு விலை பேசி முடித்துவிட்டாராம். குறைகிற பணத்துக்கு இவருடைய நகையைக் கேட்கிறாராம். வட்டிக்கு லீசிங் எடுப்பதைவிட இது மேல் என்று மாமியாரும் சொல்கிறாராம். "கொடுக்கலாமா, மௌலவி?" என்பது கேள்வி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே சாதாரண குடும்பத்துக்குக் கார் என்றால் இன்றும் பழைய கார்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். மஹரும் நகையும் உங்கள் சொந்தச் சொத்து. கணவருக்கு அதில் உரிமை கிடையாது. மனமுவந்து கொடுத்தால் அது ஸதகாவா, கடனா என்பதை அன்றே எழுதி வையுங்கள். கடன் என்றால் எதைக் கடனாகக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தங்கத்தைக் கடனாகக் கொடுத்திருந்தால் அதே எடைத் தங்கம் திரும்ப வரவேண்டும். நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பணம்தான் திரும்ப வரும். 2018 இல் ஒரு பவுன் அறுபதாயிரத்துக்கும் குறைவு. 2025 இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் உறவு முறிந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

மார்க்கத் தீர்ப்பு இவ்வளவுதான். ஆனால் அந்தச் சகோதரிக்கு நான் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அது என் சொந்தக் கதை. எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார்.

2018 ஆம் ஆண்டு. நான் மாவனல்லைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் மௌலவி ஆசிரியர். வீடு காத்தான்குடியில். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது மனைவிக்கு அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. ஆறு வருடமாக நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். லீவு வந்தால் பஸ்ஸில் ஊருக்குப் போவோம். கைக்குழந்தை, இரண்டு பிள்ளைகள், நாலு பேக். கண்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஓட்டம் ஓடி அலுத்துத்தான் கார் எண்ணம் வந்தது. கையிலிருந்த பணமும் சீட்டுப் பணமும் போதவில்லை. மனைவி நான்கு வளையலைக் கழற்றினார். ஆறு பவுன். ஒரு சொல் சொல்லவில்லை.

வந்தது 1991 ஆம் ஆண்டு ஜப்பான் கார். என் வயதில் பாதிக்கு மேல் அதற்கும் வயது. ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு அதிலேயே ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் பொனட்டைத் திறந்து, பிரேக் ஒயில் போத்தலைக் காட்டினார். உள்ளே இருந்தது பிளேன்டீ மாதிரிக் கறுத்திருந்தது. "மௌலவி, இது எந்தக் காலத்து ஒயிலோ தெரியாது. பெட் கட்டையும் தேஞ்சு கிடக்கு. மாத்தாம மலை இறங்காதீங்க" என்றார். எல்லாமாக ஏழாயிரத்துச் சொச்சம் சொன்னார். என்னிடம் இருந்தது பெற்றோலுக்கும் பெருநாள் செலவுக்கும் மட்டும்தான். பெட் கட்டையை மட்டும் மாற்றச் சொன்னேன். ஒயிலை ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

வீட்டில், "பாஸ் என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டார். "பிரேக் எல்லாம் புதுசு" என்றேன். வளையலைக் கொடுத்த கையிடம் இன்னும் பணம் வேண்டும் என்று சொல்ல வெட்கம். விற்கிற பொருளில் குறை இருந்தால் மறைக்கக் கூடாது, மறைத்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று 'கியாருல் ஐப்' பாடத்தை அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். பாடசாலையில் சொல்லியும் கொடுக்கிறேன். அந்தக் காரை எனக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை என்று பாஸிடம் கோபப்பட்டும் இருந்தேன்.

சுபஹ் தொழுது புறப்பட்டோம். காத்தான்குடி இருநூறு கிலோமீற்றருக்கும் மேல். கண்டியைத் தாண்டி திகணயைக் கடக்கும்போது காரில் யாரும் பேசவில்லை. அந்த வருடம் மார்ச் மாதத்துக் காயம் எல்லோர் மனதிலும் இருந்தது. தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வரை ஏற்றம். கார் முனகினாலும் ஏறிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பழைய காருக்கு ஏற்றம்தான் சோதனை என்று நானும் நினைத்திருந்தேன்.

ஹஸலக்க பக்கம் இறங்குகிற பதினெட்டு வளைவு தொடங்கியது. மேலே அரிசி மூட்டை, உள்ளே ஐந்து பேர். நான் மூன்றாம் கியரிலேயே பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினேன். ஐந்தாறு வளைவு கழிந்திருக்கும். "என்னமோ கருகுற வாசம் வருது, நிப்பாட்டுங்க" என்றார் மனைவி. "புதுக் கட்டை, அப்படித்தான் மணக்கும்" என்றேன். இது இரண்டாவது பொய்.

அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது.

அல்லாஹ் காப்பாற்றினான் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தேன், இரண்டாம் கியருக்கு மாற்றினேன், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப் பக்கத்து மண்ணில் உரசிக் கார் நின்றது. சின்னவன் மட்டும் அழுதான். மற்ற யாருக்கும் குரல் வரவில்லை.

எதிரே ஏறிவந்த லொறியிலிருந்து ஒரு சிங்களச் சகோதரர் குதித்து ஓடிவந்து, டயருக்குக் கீழே கல் வைத்தார். மகள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சக்கரத்தடிக்கு ஓட, கையைப் பிடித்துத் தடுத்தார். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும், கோணிவிடும். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். புது ஒயில் இருநூறு பாகை வெப்பத்தையும் தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஒயில் அதற்கு எவ்வளவோ முன்னமே கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பிரேக் பிடிக்காது. பிறகு விசாரித்து அறிந்தவை இவை. அவர் அப்போது என்னைக் கேட்டது ஒரே கேள்வி, சிங்களத்தில்: "இந்த ஒயிலை மாற்றச் சொல்லி ஒரு பாஸும் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

ஆறு வருடம் மாவனல்லையில் இருந்த என் மனைவிக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சக்கரம் ஆற ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அந்த ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "வளையலக் கேக்கக்குள்ள வெக்கப்படல்லயே. இதச் சொல்லத்தானா வெக்கம்?" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த காசை எண்ணித் தந்தார்.

ஆறியதும் பெடல் திரும்ப வந்தது. அதை நம்பி யாரும் ஓடிவிடாதீர்கள். கெட்ட ஒயில் கெட்ட ஒயில்தான். லொறிக்காரர் சொன்னபடி முதலாம் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கி, ஹஸலக்கயில் ஒரு கராஜைப் பிடித்தோம். ஏற எந்தக் கியர் வேண்டுமோ இறங்கவும் அதே கியர் என்று அந்த பாஸ் சொல்லித் தந்தார். கறுப்பு ஒயிலை வடித்துப் புதிதை விட்டு, நியாயமான கூலியே எடுத்தார்.

சகோதரி, உங்கள் கணவர் பேசியிருக்கும் காரைப் பார்க்க நீங்களும் போங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் வேண்டாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018 இன் 23 ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயது போன டயர் தூரப் பயணத்துக்கு உதவாது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர், லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, கராஜுக்கு அவரோடு போய் பாஸ் சொல்வதை உங்கள் காதாலேயே கேளுங்கள்.

மஹியங்கனையைத் தாண்டி ஒரு மர நிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொழுதோம். மஹாஓயாவுக்கு அப்பால் இருட்டினால் யானை பாதைக்கு வரும் என்பதால் எங்கும் நிற்கவில்லை. செங்கலடிச் சந்திக்கு வரும்போது பொழுது இன்னும் சாயவில்லை.

வீட்டு வாசலில் மாமி நின்றிருந்தார். பிள்ளைகள் காரைக் காட்டிக் காட்டிக் குதித்தார்கள். மாமி காரைப் பார்க்கவில்லை, மகளின் கையைப் பார்த்தார். "வளையல் எங்க புள்ள?" என்றார். மனைவி என்ன சொல்வது என்று என் பக்கம் திரும்பினார். நான் மாமியை உள்ளே வரச் சொல்லி, கதிரையில் உட்காரவைத்து, வளையலில் தொடங்கி ஒயில் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.