நீங்கள் கேட்டவை: 60 சதவிகித அடைப்பு... ஸ்டென்ட் அவசியமா?

"எனக்கு வயது 58. உளுந்து மூட்டையைத் தூக்கி நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில், ஒரு ரத்தக்குழாயில் 60 சதவிகித அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைக்க நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். சி.டி. படத்திலிருந்தே ரத்த ஓட்டத்தைக் கணக்கிடலாம் என்கிறார்களே, அது என்ன?"

- வாசகர், பசுவந்தனை.

மருத்துவர் பதில் சொல்கிறார்.

"நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். கிணற்று மோட்டாரிலிருந்து மிளகாய்த் தோட்டத்துக்குப் போட்ட குழாய், நடுவில் ஓரிடத்தில் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே குழாயை மாற்ற மாட்டீர்கள். கடைசி வாய்க்குப் போய், தண்ணீர் எந்த வேகத்தில் விழுகிறது என்றுதான் பார்ப்பீர்கள். இதயத்துக்கும் அதே கணக்குதான். 60 சதவிகிதம் என்பது குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ரத்தம் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு 'எஃப்.எஃப்.ஆர்.-சி.டி.' என்று பெயர். ஏற்கெனவே எடுத்த படத்தை வைத்து, கடுமையாக உழைக்கும்போது ரத்த ஓட்டம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். புதிதாக ஊசியோ, ஸ்கேனோ தேவையில்லை. அடைப்பைத் தாண்டிய இடத்தில் அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் விடை. 1 என்றால் முழு அழுத்தம். 0.80-க்கு மேல் இருந்தால், பெரும்பாலும் மாத்திரையே போதும். 0.75 அல்லது அதற்கும் கீழே என்றால், அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் இடையில் இருந்தால், மருத்துவர் உங்கள் தொந்தரவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார். குழாயில் சுண்ணாம்புப் படிவு அதிகமிருந்தாலோ, படம் தெளிவில்லாமல் இருந்தாலோ கணக்கு சரியாக வராது.

இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. கிடைக்காவிட்டால் டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ அல்லது ஆஞ்சியோவின்போதே அழுத்தத்தை அளக்கும் கம்பி மூலம் பார்க்கலாம்.

37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. உழைக்கும்போது மட்டும் வலி வருகிறவர்களுக்கு, மாத்திரையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. ஆனால், இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருந்தால் இது பொருந்தாது. அதனால், 'அடைப்பு எந்தக் குழாயில்? ரத்த ஓட்டம் குறைகிறதா?' என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். பரிசோதனை முடியும்வரை மூட்டை தூக்க வேண்டாம்.

ஸ்டென்ட் தேவைப்பட்டாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்."